அழிக்க முடியாத குரல்!



வகுப்பில் ஆசிரியர், "யாராவது எழுந்து ஒரு பாட்டுப் பாடுங்கள்" என்று சொன்னால் என்ன நடக்கும்? பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். "தொண்டை கட்டியிருக்கு சார்" என்பார் ஒருவர். "அவன் நல்லாப் பாடுவான் சார்" என்று பக்கத்தில் இருப்பவரை மாட்டிவிடுவார் இன்னொருவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் இருந்தவன் நான். இந்தச் சாக்குகள் எல்லாம் எனக்கு மனப்பாடம்!

ஆனால், கேட்பதற்கு முன்பே எழுந்து நின்று பாடும் சிறுமி ஒருத்தி இருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கிடைத்த பட்டப்பெயர் 'கலைஞர் கால்கா'. அவள் பெயர் கலீனா. அதைச் செல்லமாகச் சுருக்கினால் கால்கா.

அந்தச் சிறுமியின் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன். பசி, குண்டுவீச்சு, நோய் இவை எல்லாவற்றையும் தாண்டி அந்தக் குரல் எப்படி உலகம் சுற்றியது, பிறகு ஓர் அரசாங்கமே ஏன் அந்தக் குரலை மறைக்கப் பார்த்தது என்பதை வாசியுங்கள்.

பாட்டி வளர்த்த பேத்தி

கலீனா பிறந்தது 1926-ம் ஆண்டு, அக்டோபர் 25-ம் தேதி. ஊர் லெனின்கிராட். இன்று அந்த நகரத்தின் பெயர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். அப்போது அது சோவியத் ஒன்றியம் என்ற பெரிய நாட்டில் இருந்தது. ரஷ்யா உள்படப் பல குடியரசுகள் சேர்ந்த அந்த நாடு, 1991-ம் ஆண்டு தனித்தனி நாடுகளாகப் பிரிந்துவிட்டது.

கலீனாவின் அப்பா, அம்மா இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கைக்குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பாட்டியின் வீடு இருந்தது கிரோன்ஸ்டாட் என்னும் ஊரில். லெனின்கிராட்டுக்கு மேற்கே கடலில் ஒரு தீவு. அந்தத் தீவில் உள்ள கடற்படை ஊர்தான் கிரோன்ஸ்டாட். எங்கே பார்த்தாலும் போர்க்கப்பல்கள், மாலுமிகள்!

பாட்டிக்கு எழுதப் படிக்க வராது. கையில் காசும் கிடையாது. ஆனாலும் பேத்தியைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தார். "என்னை வளர்த்தது பாட்டிதான்" என்பதைக் கலீனா கடைசிவரை மறக்கவில்லை.

கலீனாவுக்குப் பத்து வயது இருக்கும்போது, அவளுடைய அம்மா பரிசாக ஒரு கிராமபோன் பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். கைப்பிடியைச் சுற்றிச் சாவி கொடுத்தால் இசைத்தட்டு சுழலும், பாட்டு கேட்கும். கூடவே ஒரு முழு ஓபராவின் இசைத்தட்டுகளும் இருந்தன. அந்த ஓபராவின் பெயர் 'யெவ்கேனி ஒனேகின்'.

சிறுமி அந்தத் தட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். சாப்பிட மறந்தாள், விளையாட மறந்தாள். ஆண் குரல், பெண் குரல், கூட்டமாகப் பாடும் குரல் என்று அத்தனையும் அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அந்தக் கதையில் வரும் தத்யானா என்ற பெண்ணின் பாட்டு அவள் மனத்தில் ஒட்டிக்கொண்டது.

தத்யானா என்ற இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள். கதையில் இன்னும் இரண்டு முறை வரப்போகிறாள்!

ஓபரா என்றால் என்ன?

நாடகத்தில் நடிகர்கள் வசனம் பேசுவார்கள், நடுவில் பாடுவார்கள் இல்லையா? ஓபராவில் பெரும்பாலும் வசனமே கிடையாது. கோபம், அழுகை, சண்டை, கடிதம் எழுதுவது, ஏன், சாவதுகூடப் பாட்டிலேதான்! மேடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் இசைக் கலைஞர்கள் உட்கார்ந்து வயலின், செல்லோ, குழல், முரசு என்று பல கருவிகளை வாசிப்பார்கள்.

இதில் பெரிய அதிசயம் என்ன தெரியுமா? பாடுபவர் கையில் மைக் இருக்காது. அறுபது, எழுபது கருவிகள் ஒன்றாக முழங்கினாலும், அதைத் தாண்டி அவருடைய குரல் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும். கத்தினால் தொண்டை போய்விடும். வயிற்றிலிருந்து மூச்சை அளந்து அளந்து விட்டு, முகத்திலும் மார்பிலும் ஒலியை அதிரவைத்துப் பாட வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆகும்.

பெண்களில் உச்சக் குரலில் பாடுபவரை 'சொப்ரானோ' என்பார்கள். கலீனா ஒரு சொப்ரானோ.

'யெவ்கேனி ஒனேகின்' கவிஞர் புஷ்கின் எழுதிய கதை. அதற்கு இசை அமைத்தவர் சைகோவ்ஸ்கி. 1879-ல் மாஸ்கோவில் முதன்முதலாக மேடையேறியது. கிராமத்துப் பெண் தத்யானா, இரவெல்லாம் கண்விழித்து ஒருவனுக்குக் கடிதம் எழுதும் காட்சி இதில் மிகவும் பெயர் பெற்றது. எழுதுவது, தயங்குவது, மறுபடி எழுதுவது எல்லாவற்றையும் தனியாக நின்று பாடியே காட்ட வேண்டும்.

872 நாட்கள்

1941-ம் ஆண்டு ஜூன் மாதம். ஹிட்லரின் ஜெர்மானியப் படைகள் சோவியத் ஒன்றியத்துக்குள் புகுந்தன. செப்டம்பர் 8-ம் தேதி லெனின்கிராட்டைத் தரை வழியே வெளியுலகத்திலிருந்து துண்டித்துவிட்டன. அன்று தொடங்கிய முற்றுகை 1944 ஜனவரி 27-ம் தேதிதான் முடிந்தது. மொத்தம் 872 நாட்கள்!

நகரத்துக்குள் உணவு வருவது நின்றது. விறகு இல்லை. விளக்கு இல்லை. குழாயில் தண்ணீர் இல்லை. வெளியே உறைபனி. அந்த ஆண்டு நவம்பர் 20-ம் தேதி முதல் டிசம்பர் 25-ம் தேதி வரை, குழந்தைகளுக்கும் வேலைக்குப் போகாதவர்களுக்கும் ரேஷனில் கிடைத்தது ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டிதான். மெல்லிய துண்டுகளாக வெட்டினால் மூன்று, நான்கு துண்டு வரும். அதிலும் முழுக்க மாவு கிடையாது. சாப்பிடத் தகாத பொருள்களையும் கலந்து சுட்டிருப்பார்கள். லட்சக்கணக்கான மக்கள் பசியாலும் குளிராலும் இறந்துபோனார்கள்.

முற்றுகையின்போது கலீனாவுக்கு வயது 15. அவளும் பாட்டியும் கிரோன்ஸ்டாட்டில் மாட்டிக்கொண்டார்கள்.

வீட்டில் ஒரு சின்ன இரும்பு அடுப்பு. குளிர் தாங்காமல் பாட்டி அதன் அருகே நெருங்கி உட்கார்ந்திருந்தார். அவருடைய உடையில் தீப்பிடித்துவிட்டது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பிழைக்கவில்லை. 1942 பிப்ரவரியில், பொதுக் குழி ஒன்றில் மற்றவர்களோடு சேர்த்துப் பாட்டியையும் புதைத்தார்கள்.

கலீனா தனியாக நின்றாள். வீட்டில் யாருமே இல்லை. பசி மயக்கத்தில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். அப்படிக் கிடக்கும்போது அவள் என்ன செய்தாள் தெரியுமா? பாட்டும் அரண்மனையும் விருந்தும் நிறைந்த உலகத்தைக் கற்பனை செய்துகொண்டே கிடந்தாள்.

நீல உடைப் பெண்கள்

வசந்த காலம் வந்தது. வீட்டில் உயிரோடு யாராவது இருக்கிறார்களா என்று வீடு வீடாகத் தேடிக்கொண்டு ஒரு குழு வந்தது. கலீனாவைக் கண்டுபிடித்தார்கள். "எழுந்து வா, வேலைக்கு ஆள் வேண்டும்" என்று கூட்டிப்போனார்கள்.

அது குண்டுவீச்சிலிருந்து மக்களைக் காக்கும் பெண்கள் படை. நீல நிற முழு உடை அணிந்ததால் அவர்களை 'நீலப் படை' என்று அழைத்தார்கள். விமானம் வருகிறதா என்று உயரமான இடத்தில் நின்று காவல் காப்பது, இடிந்த கட்டடங்களிலிருந்து கல்லையும் மரத்தையும் அகற்றுவது, உடைந்துபோன கழிவுநீர்க் குழாய்களைத் தோண்டிச் சரிசெய்வது எல்லாமே அவர்கள் வேலைதான். உங்களில் ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் படிக்கும் அக்காமார்களின் வயதுதான் கலீனாவுக்கு!

பகல் முழுவதும் கடப்பாரை. மாலையானால் பாட்டு! கடற்படை மாலுமிகளின் இசைக்குழு ஒன்று அந்த ஊரில் இருந்தது. அவர்களோடு சேர்ந்து போர்க்கப்பல்களிலும் கோட்டைகளிலும் கலீனா பாடினாள். முறையாக யாரும் அவளுக்குப் பாட்டுச் சொல்லித்தரவில்லை. கிராமபோன்தான் குரு.

1944-ல், 17 வயதில், ஊர் ஊராகச் சென்று இசை நாடகம் போடும் குழுவில் சேர்ந்தார். குளிர் நிறைந்த சின்னச் சின்ன அரங்குகளில் நடிப்பு, நடனம், பாட்டு மூன்றையும் மேடையிலேயே கற்றுக்கொண்டார். விஷ்னெவ்ஸ்கி என்ற மாலுமியோடு நடந்த திருமணம் சீக்கிரமே முறிந்தது. ஆனால், அந்தப் பெயர் மட்டும் அவரோடு தங்கிவிட்டது. கலீனா விஷ்னெவ்ஸ்கயா என்றே உலகம் அவரை அறிந்தது.

குரலும் போச்சு, மூச்சும் போச்சு!

முறையாகப் பாட்டுக் கற்க ஆசைப்பட்டு ஓர் இசைப் பள்ளியில் சேர்ந்தார் கலீனா. அங்கே சொல்லிக்கொடுத்த முறை அவருடைய தொண்டைக்கு ஒத்துவரவில்லை. ஆறே மாதத்தில், இயல்பாக வந்துகொண்டிருந்த மேல் சுரங்கள் வராமல் போய்விட்டன! இனி ஓபரா கிடையாது என்று முடிவுகட்டி, மேடைகளில் மெல்லிசைப் பாட்டுகள் பாடிப் பிழைத்தார்.

அப்போதுதான் வேரா கரினா என்ற ஆசிரியையைச் சந்தித்தார். அவருக்கு அப்போது ஏறக்குறைய எண்பது வயது. கலீனாவைப் பாடச்சொல்லிக் கேட்ட அந்த மூதாட்டி, குரல் எங்கே இறுகிக் கிடக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். மூச்சை எப்படி எடுப்பது, எப்படி நிறுத்துவது, தொண்டையை எப்படித் தளர்த்துவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். காணாமல் போன மேல் சுரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

அடுத்த சோதனை காத்திருந்தது. கலீனாவுக்குக் காசநோய்! நுரையீரலைப் பிடிக்கும் நோய். பாடகருக்கு நுரையீரல்தானே எல்லாம்? அந்தக் காலத்து வழக்கப்படி, நோயுள்ள நுரையீரலைச் சுருங்கவைத்து ஓய்வு கொடுக்க வேண்டும் என்றார்கள் மருத்துவர்கள். அப்படிச் செய்தால் ஓபரா மேடையை மறந்துவிட வேண்டியதுதான். சிகிச்சை மேஜைவரை போன கலீனா, வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டார்.

ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து அப்போதுதான் உலகத்துக்குப் புதிது. சோவியத் ஒன்றியத்தில் கிடைப்பது அரிது. மிக அதிக விலை கொடுத்து அதை வாங்கி ஊசி போட்டுக்கொண்டார். நல்லவேளை, நோய் குணமானது.

ஒரு விஷயம், பிள்ளைகளே! கலீனா எழுந்து வந்ததைப் படித்துவிட்டு, மருத்துவர் சொல்வதைக் கேட்கக் கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். அவரைக் காப்பாற்றியதும் மருந்துதான்!

போல்ஷோய் மேடை

1952-ம் ஆண்டு. லெனின்கிராட் தெருவில் ஒரு விளம்பரம் கலீனாவின் கண்ணில் பட்டது. 'போல்ஷோய் அரங்கத்துக்கு இளம் பாடகர்கள் தேவை!'

போல்ஷோய் என்றால் ரஷ்ய மொழியில் 'பெரிய' என்று பொருள். 1776-ல் தொடங்கிய நிறுவனம் அது. மாஸ்கோவில் உள்ள அந்த அரங்கில் பாடுவது ஒவ்வொரு ரஷ்யப் பாடகரின் கனவு. போட்டிக்கு வந்தவர்களில் பலர் பெரிய இசைக் கல்லூரிகளில் பட்டம் பெற்றவர்கள். கலீனாவிடம் ஒரு பட்டமும் இல்லை.

மேடையேறி, வெர்டியின் 'அய்தா' ஓபராவிலிருந்து ஒரு பாட்டைப் பாடினார். மிகவும் கடினமான பாட்டு அது. முதல் சுற்றில் தேறினார். மாஸ்கோவுக்கு அழைத்தார்கள். அங்கேயும் தேறினார்!

1953-ல் போல்ஷோயில் அவர் ஏற்ற முதல் முக்கிய வேடம் எது தெரியுமா? தத்யானா! எந்தப் பாட்டைக் கிராமபோனில் கேட்டுச் சாப்பாட்டை மறந்தாரோ, அதே பாட்டு. எந்தப் பெண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு கற்பனை செய்தாரோ, அதே பெண். இப்போது அந்த உடையை அணிந்து, அந்தக் கடிதத்தை எழுதியவர் கலீனா!

அடுத்தடுத்துப் பல வேடங்கள். பீத்தோவனின் 'ஃபிதேலியோ', வெர்டியின் 'அய்தா', புச்சீனியின் 'தோஸ்கா' என்று புகழ் வளர்ந்தது. 1955-ல் செக்கோஸ்லோவாகியாவின் ப்ராக் நகரில் நடந்த இசை விழாவில், செல்லோ வாசிப்பதில் உலகப் புகழ் பெற்ற ரோஸ்ட்ரபோவிச்சைச் சந்தித்தார். இருவரும் அந்த ஆண்டே திருமணம் செய்துகொண்டார்கள். ஓல்கா, எலெனா என்று இரண்டு பெண் குழந்தைகள். ரோஸ்ட்ரபோவிச் பியானோவும் நன்றாக வாசிப்பார். கலீனா தனியாகப் பாடும் நிகழ்ச்சிகளில், பக்கத்தில் பியானோ வாசித்தவர் அவர்தான்.

1961-ல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் உள்ள மெட்ரோபாலிட்டன் ஓபராவிலும், 1964-ல் இத்தாலியின் மிலான் நகரில் உள்ள லா ஸ்காலா அரங்கிலும் பாடினார். 1966-ல் சோவியத் ஒன்றியத்தின் மிக உயர்ந்த கலை விருதான 'மக்கள் கலைஞர்' பட்டம் கிடைத்தது. ஷோஸ்தகோவிச் என்ற மாபெரும் இசையமைப்பாளர், கலீனாவின் குரலை மனத்தில் வைத்தே சில பாடல்களை எழுதி அவருக்கே காணிக்கையாக்கினார்.

மூன்று நாடுகள், ஒரு பாட்டு

1940 நவம்பரில் ஜெர்மானிய விமானங்கள் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் குண்டு வீசின. அங்கிருந்த பழைய பேராலயம் இடிந்து சுவர்கள் மட்டும் நின்றன. போர் முடிந்தபின் பக்கத்திலேயே புதிய ஆலயம் கட்டினார்கள். அதன் திறப்பு விழா 1962-ல். விழாவுக்காக, பெஞ்சமின் பிரிட்டன் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர் போரில் இறந்தவர்களுக்காக ஒரு பெரிய இசை நிகழ்ச்சியை உருவாக்கினார். அதன் பெயர் 'போர் நினைவு இசை'.

பிரிட்டன் அழகான யோசனை ஒன்று வைத்திருந்தார். மூன்று பேர் முன்னால் நின்று பாட வேண்டும். ஒருவர் இங்கிலாந்தின் பீட்டர் பியர்ஸ். இன்னொருவர் ஜெர்மனியின் ஃபிஷர்-டீஸ்காவ். மூன்றாமவர் ரஷ்யாவின் கலீனா. போரில் துன்பப்பட்ட மூன்று நாடுகளும் ஒரே மேடையில்! சண்டையிட்டவர்கள் சேர்ந்து பாடுவது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால், சோவியத் அரசு கலீனாவைப் போகவிடவில்லை. ஜெர்மானியரோடு சேர்ந்து ஒரு சோவியத் பெண் இந்த நிகழ்ச்சியில் பாடுவதா என்றது. மே 30-ம் தேதி நிகழ்ச்சி நடந்தது. கலீனாவுக்காக எழுதிய பகுதியை, ஹெதர் ஹார்ப்பர் என்ற பாடகி பத்தே நாளில் கற்றுப் பாடினார். முற்றுகையில் பாட்டியைப் பறிகொடுத்த கலீனா, அந்த மேடையில் இல்லை.

1963 ஜனவரியில் அதை இசைத்தட்டாகப் பதிவு செய்தபோதுதான் அனுமதி கிடைத்தது. லண்டன் சென்றார். ஒலிப்பதிவுக்காக ஆண் பாடகர்களை முன்னாலும், கலீனாவைக் குழுவினர் பக்கத்திலும் நிற்கவைத்தார்கள். இசையின் அமைப்பே அப்படித்தான். கலீனாவோ, தன்னை ஒதுக்கிவைக்கிறார்கள் என்று நினைத்து, தரையில் படுத்துக்கொண்டு கத்திவிட்டாராம்! மறுநாள் சமாதானமாகி, அருமையாகப் பாடிக்கொடுத்தார். பெரிய கலைஞர்களுக்கும் கோபம் வரும், பிள்ளைகளே. அந்த இசைத்தட்டு இன்றும் உலகெங்கும் கேட்கப்படுகிறது.

வீட்டுக்கு வந்த விருந்தாளி

சோல்ஜெனித்சின் என்று ஓர் எழுத்தாளர். சோவியத் ஒன்றியத்தின் சிறை முகாம்களில் மனிதர்கள் பட்ட துன்பத்தை எழுதியவர். அவரும் எட்டு ஆண்டுகள் சிறையிலும் முகாமிலும் இருந்தவர்தான். உண்மையை எழுதியதால் அரசுக்கு அவர்மேல் கோபம். அவருடைய புத்தகங்களை அச்சிடவிடவில்லை. அவருக்கு இடம் கொடுக்கவே மற்றவர்கள் பயந்தார்கள்.

1969-ல் கலீனாவும் ரோஸ்ட்ரபோவிச்சும், மாஸ்கோவுக்கு வெளியே இருந்த தங்கள் தோட்ட வீட்டில் அவரைத் தங்கவைத்தார்கள். குளிருக்கு அடக்கமான ஒரு சின்ன வீடு, எழுத ஒரு மேஜை. அதுதான் அவர்கள் செய்த 'குற்றம்'!

1970-ல் சோல்ஜெனித்சினுக்கு நோபல் பரிசு கிடைத்தது. சோவியத் செய்தித்தாள்கள் அவரைத் திட்டித் தீர்த்தன. ரோஸ்ட்ரபோவிச் அவருக்கு ஆதரவாகப் பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதை அனுப்பினால் என்ன நடக்கும் என்று கலீனா கணவரை எச்சரித்தார். கச்சேரிகள் போகும், பயணங்கள் போகும், சேர்த்த பெயர் எல்லாம் போகும். அப்படி எச்சரித்தவர், கணவர் முடிவெடுத்த பிறகு அவர் பக்கத்திலேயே உறுதியாக நின்றார்.

பத்திரிகைகள் அந்தக் கடிதத்தை வெளியிடவில்லை. ஆனால், கலீனா பயந்தது அத்தனையும் நடந்தது.

பெயரை மறைத்தார்கள்

வெளிநாட்டுப் பயணங்கள் ரத்தாயின. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அவர்கள் குரல் நின்றது. கலீனா போல்ஷோயில் பாடுவார். மறுநாள் பத்திரிகையில் மற்றவர்கள் பெயரெல்லாம் இருக்கும், அவர் பெயர் மட்டும் இருக்காது! 1974-ல் 'தோஸ்கா' ஓபராவை ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தபோது, பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இனி இங்கே இருந்தால் பாட முடியாது என்று இருவருக்கும் புரிந்தது. இரண்டு ஆண்டுகள் வெளிநாட்டில் இருக்க அனுமதி கேட்டார்கள். கிடைத்தது. 1974 மே மாதம் ரோஸ்ட்ரபோவிச் கிளம்பினார். கூடவே செல்லோவும், கூஸ்யா என்ற பெரிய நாயும்! இரண்டு மாதம் கழித்து, மகள்களை அழைத்துக்கொண்டு கலீனாவும் புறப்பட்டார்.

1978 மார்ச் மாதம் பாரிஸில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. 'ரோஸ்ட்ரபோவிச், விஷ்னெவ்ஸ்கயா இருவரின் சோவியத் குடியுரிமை பறிக்கப்பட்டது!' பிறந்த ஊருக்கு இனித் திரும்ப முடியாது. எந்த லெனின்கிராட்டைக் காக்க 15 வயதில் கடப்பாரை பிடித்தாரோ, அந்த ஊர் அவருக்கு அந்நியமாகிவிட்டது.

1982-ல் பாரிஸ் ஓபராவில் கலீனா மேடைக்கு விடை கொடுத்தார். கணவர் இசைக்குழுவை நடத்தினார். எந்த வேடம் என்று நான் சொல்லவே வேண்டாம். ஆம், தத்யானாவேதான்! ஐம்பது வயதைத் தாண்டியவர், கடிதம் எழுதும் கிராமத்துப் பெண்ணாக நின்று பாடினார். 1984-ல் 'கலீனா' என்ற தலைப்பில் தன் வாழ்க்கையை எழுதி வெளியிட்டார்.

மீண்டும் மாஸ்கோ

காலம் மாறியது. 1990-ல் சோவியத் அரசு தன் பழைய உத்தரவை ரத்து செய்தது. பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு இருவரும் மாஸ்கோ மண்ணில் கால் வைத்தார்கள். மறைக்கப்பட்ட அந்தப் பெயர்களைக் கேட்டவுடன் மக்கள் திரண்டு வந்தார்கள்.

அடுத்த ஆண்டு, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட உதவும் அறக்கட்டளை ஒன்றை இருவரும் தொடங்கினார்கள். 2002-ல் மாஸ்கோவில் இளம் பாடகர்களுக்கான ஓபரா பயிற்சி மையத்தைக் கலீனா திறந்தார். தனக்கு ஒரு கரினா கிடைத்ததுபோல, மற்றவர்களுக்கும் ஓர் ஆசிரியை கிடைக்க வேண்டுமே!

பழைய பிடிவாதமும் போகவில்லை. 2006-ல் போல்ஷோய் 'யெவ்கேனி ஒனேகின்' ஓபராவைப் புதுமாதிரியாக மேடையேற்றியது. அது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. தம் 80-வது பிறந்தநாள் விழாவை அந்த அரங்கில் கொண்டாடவே மறுத்துவிட்டார். தத்யானா விஷயத்தில் யார் கை வைத்தாலும் விடுவாரா?

2007-ல் வெளிவந்த 'அலெக்சாந்த்ரா' என்ற படத்தில் கதாநாயகியாக நடித்தார். ராணுவ முகாமில் இருக்கும் பேரனைப் பார்க்கப் போகும் பாட்டியின் வேடம். படத்தில் அவர் ஒரு மேடைப் பாட்டுகூடப் பாடவில்லை. பாட்டியிடம் வளர்ந்த சிறுமி, எண்பது வயதில் பாட்டியாகவே நடித்தார்.

அந்த ஆண்டு ஏப்ரலில் ரோஸ்ட்ரபோவிச் காலமானார். 2012 டிசம்பர் 11-ம் தேதி, 86 வயதில் கலீனாவும் மறைந்தார். மாஸ்கோவில் புகழ்பெற்ற நோவதேவிச்சி இடுகாட்டில் இருவரும் அருகருகே உறங்குகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள்

ஒரு விருந்தாளிக்கு இடம் கொடுத்ததால், கலீனா தம் நாட்டையும் மேடையையும் இழந்தார். இடம் இல்லை என்று சொல்லியிருந்தால் கடைசிவரை போல்ஷோயின் ராணியாகவே இருந்திருக்கலாம். அவர் செய்தது சரியா? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் பெரியவர்களோடு பேசிப் பாருங்கள்.

பெயரைப் பத்திரிகையிலிருந்து எடுத்துவிடலாம். பதிவைப் பாதியில் நிறுத்திவிடலாம். ஆனால், அன்று பதிவான குரல் இன்றும் இருக்கிறது. உலகில் எங்கோ ஒரு வீட்டில், யாரோ ஒரு பத்து வயதுச் சிறுமி அதைக் கேட்டுக்கொண்டு சாப்பிட மறந்து உட்கார்ந்திருக்கலாம்.

அடுத்த முறை ஆசிரியர் பாடச் சொன்னால், தொண்டை கட்டியிருக்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். சரிதானே?

தெரியுமா உங்களுக்கு?

* போல்ஷோய் அரங்கத்தின் இப்போதைய கட்டடம் 1825-ல் திறக்கப்பட்டது. 1853-ல் தீவிபத்தில் எரிந்துபோய், மீண்டும் கட்டப்பட்டு 1856-ல் திறக்கப்பட்டது.

* முற்றுகையின்போது குளிர்காலத்தில் லடோகா ஏரி உறைந்துவிடும். அந்தப் பனிக்கட்டியின் மேலேயே லாரிகளை ஓட்டி லெனின்கிராட்டுக்கு உணவு கொண்டுவந்தார்கள். அதற்கு 'வாழ்வின் பாதை' என்று பெயர்.

* 1989 நவம்பரில் பெர்லின் சுவர் திறக்கப்பட்டது. செய்தி கேட்டவுடன் ரோஸ்ட்ரபோவிச் அங்கே பறந்து சென்று, சுவர் ஓரமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து செல்லோ வாசித்தார்.

* ரஷ்யர்களின் குடும்பப் பெயர்கள் பல ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறும். கணவர் விஷ்னெவ்ஸ்கி என்றால், மனைவி விஷ்னெவ்ஸ்கயா!